அபினியும் அச்சமும்

குருமாவுக்குக் கசகசா அரைக்காத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். அந்த விதை விளையும் காயைப் பச்சையாக இருக்கும்போதே கீறிவிட்டால் பால் வடியும். உறைந்த அந்தப் பால்தான் அபினி. அடுக்களைக்கு வந்த காயிலேதான் சாம்ராஜ்யங்களை ஆட்டி வைத்த சரக்கும் இருந்தது!

1773-ல் வங்காளத்து அபினி வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. சீனர்கள் அந்தச் சரக்கைத் தடுக்க முயன்றபோது, 1839-ல் யுத்தமே மூண்டது. இதற்கிடையில் ஜெர்மனியில் ஸெர்ட்யூர்னர் என்பவர் அபினியின் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். மார்பீன் பிறந்தது.

ஒரு செடியின் பால் மனிதனை ஏன் இப்படிப் பிடித்துக் கொள்கிறது? 1973-ல் அமெரிக்காவில் காண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், மூளையில் மார்பீன் போய்ப் பொருந்தும் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். செடியின் சாவிக்கு நம் மண்டைக்குள் பூட்டு எதற்கு? 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து விடையை எடுத்தார்கள். வலியைத் தணிக்க உடம்பே ஒருவகை மார்பீனைச் சுரக்கிறது! அபினி, அந்தப் பூட்டுக்குள் நுழைகிற கள்ளச் சாவி. பழகப் பழகப் பூட்டு மரத்துப் போகிறது, அளவு கூடுகிறது. போதாததற்கு, மூளையைக் காவல் காக்கும் நுண்ணணுக்கள் நெடுநாள் மார்பீனால் சினந்து அழற்சியை உண்டாக்கி, வலியையே கூர்மையாக்கக் கூடும் என்று எலிகளிடம் செய்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அடிமைப்பட்டவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஏசுவதில் எத்தனை நியாயம் இருக்கிறது, பாருங்கள்!

இந்த அறிவு வந்த பிறகும் நாம் அச்சத்தையே சட்டமாக்கினோம். 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கும் தண்டனைக்கும் பயந்து, ஆஸ்பத்திரிகளே மார்பீனைக் கைவிட்டன. சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில், தொண்ணூறுகளில், எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் புற்றுநோயால் கிடந்தார். மகன் டாக்டர் சீட்டோடு திருநெல்வேலி, மதுரை என்று அலைந்தான். "அதெல்லாம் வைக்கிறதில்ல தம்பி, லைசென்ஸ் தொல்லை" என்பதே எல்லாக் கடையிலும் பதில். கடைசி நாட்களில் அந்தத் தெருவே உறங்கவில்லை. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அபினியைப் பக்குவம் செய்து அயல்நாட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்த தேசத்தில்தான் இது நடந்தது.

அமெரிக்காவிலோ அதே தொண்ணூறுகளில் அச்சத்தை அடியோடு விட்டு, முதுகு வலிக்கெல்லாம் அபினி வகை மாத்திரைகளை வாரி இறைத்தார்கள். பின்னர் லட்சக்கணக்கில் உயிர்கள் போயின. நடு வழி இல்லையா? 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் அமைத்தார்கள். ஏழை நோயாளிகளுக்கு வீட்டில் உட்கொள்ளவே மார்பீன் கொடுத்தார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் மருந்து கள்ளச் சந்தைக்குப் போகாது என்று நிரூபித்தார்கள்.

2014-ல் சட்டம் தளர்ந்தது. பல லைசென்ஸ்களுக்குப் பதில் ஒன்றே போதும் என்றாயிற்று. ஆனாலும் சீட்டெழுதத் தயங்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தயக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை அறிந்தவர்களாவது, வலியில் கிடப்பவருக்காக டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.