துர்க்கனேவின் ஊர் ஏக்கம்

ருஷ்ய எழுத்தாளர் இவான் துர்க்கனேவ் வசன கவிதைகளை எழுதியது 1877 முதல் 1882 வரையான தமது இறுதிக் காலத்திலாகும். அப்போது அவர் பெரும்பாலும் பிரான்சிலேயே வாழ்ந்தார். 1878 இல் எழுதிய 'கிராமம்' என்னும் கவிதையில் புகையும் புல்லும் மணக்கின்றன; மூதாட்டி ஒருத்தி பாலும் சூடாறாத ரொட்டியும் கொண்டுவருகிறாள். யாப்பின் துணையின்றி இச்சிறு பொருள்களே பிரிவின் வலியைச் சுமக்கின்றன.

ஆயினும் அவர் தாயகத்தின் இருளை மறந்தவரல்லர். 1882 ஜூனில் எழுதிய 'ருஷ்ய மொழி'யில், நாட்டின் நிலைகண்டு சோர்ந்து, தாய்மொழியையே பற்றிக்கொள்கிறார். மறு ஆண்டு பாரிஸ் அருகே பூஜிவாலில் காலமானார். உடலே பீட்டர்ஸ்பர்க் திரும்பியது. ஊரின் இனிமையோடு அதன் துயரையும் சொன்னதனாலேயே, அவரது ஏக்கம் புலம்பெயர்ந்தோர் நெஞ்சை இன்றும் தொடுகிறது.