கொயினாவைக் கட்ட முயன்ற அறிஞர்

1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் மலேரியாக் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றின, குட்டைகளாகத் தேங்கிய நீரில் நுளம்புகள் பெருகின. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். அக்கொள்ளை நோயின்போது ஊரூராக எடுத்துச் செல்லப்பட்ட மருந்துகளுள் முதன்மையானது கொயினா. சிங்கோனா என்னும் மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படும் கசப்புப் பொருள் அது.

இலங்கை மண்ணுக்குச் சிங்கோனா புதியதன்று. அந்தீஸ் மலைச்சாரலுக்கு உரிய இம்மரம் 1861ஆம் ஆண்டில் ஹக்கலையில் நடப்பட்டது. கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தபின் தோட்டக்காரர் பலர் இதனையே நம்பிப் பயிரிட்டனர். பட்டை மிகுதியாகச் சந்தைக்கு வந்ததும் விலை வீழ்ந்தது. மலைநாடு தேயிலையின் பக்கம் திரும்பியது. அதன்பின் உலகின் கொயினாவிற் பெரும்பகுதி யாவாத் தீவிலிருந்தே கிடைத்தது. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றவே, நேச நாட்டுப் படைகளுக்குக் கொயினா அரிதாயிற்று. மரத்தின் உதவியின்றி, ஆய்வுகூடத்திலேயே கொயினாவை ஆக்க இயலுமா என்னும் பழைய கேள்வி அப்போது மீண்டும் எழுந்தது.

அக்கேள்வி எத்துணைப் பழையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1856ஆம் ஆண்டில், இலண்டன் நகரில், 18 வயது மாணவரான வில்லியம் பேர்க்கின் தம் வீட்டிலேயே கொயினாவை ஆக்க முயன்றார். கொயினாவின் ஒரு மூலக்கூறில் 20 காபன் அணுக்களும் 24 ஐதரசன் அணுக்களும் உள்ளன. நைதரசனும் ஒட்சிசனும் இவ்விரண்டு அணுக்களாக உள்ளன. தக்க எண்ணிக்கையில் அணுக்களை ஒன்றுகூட்டினால் கொயினா கிடைத்துவிடும் என்று அவர் எண்ணினார். கிடைத்ததோ வேண்டாத ஒரு வீழ்படிவு. அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே முதற் செயற்கைச் சாயங்களுள் ஒன்றான ஊதாச் சாயம் தோன்றிற்று. பேர்க்கின் செல்வரானார், கொயினா மட்டும் கைக்கு எட்டவில்லை. ஏன்? கல்லையும் மரத்தையும் எண்ணிக் குவித்தால் வீடு ஆகிவிடாது. எந்த அணு எந்த அணுவோடு, எத்திசையில் பிணைந்துள்ளது என்பதை அக்காலத்தவர் அறிந்திலர்.

கொயினா போன்ற பொருள்களை அல்கலோயிட்டுகள் என்பர். தாவரங்களில் உண்டாகும் நைதரசன் கொண்ட காரப் பொருள்கள் இவை. புகையிலையின் நிக்கொட்டின், அபினியின் மோபின், எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் யாவும் இவ்வினத்தவை. சிறிதளவிலேயே உடலை ஆட்டிவைக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஆதலால் மருந்தும் இவையே, நஞ்சும் இவையே. இவற்றை அணுவணுவாகக் கட்டும் கலையில் இருபதாம் நூற்றாண்டில் தலைசிறந்து விளங்கியவர் றொபேட் பேர்ன்ஸ் வுட்வார்ட்.

வுட்வார்ட் 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்தார். அடுத்த ஆண்டிலேயே தந்தையாரை இன்புளுவென்சா நோய் கொண்டுபோயிற்று, தாயார் வளர்த்தார். சிறுவயதிலேயே வீட்டில் இரசாயனச் சோதனைகளில் மூழ்கிய அவர், 16 வயதில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தார். ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் ஓராண்டில் அங்கிருந்து நீக்கப்பட்டார். மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டு 1936இல் பட்டமும், 1937இல், தம் 20ஆம் வயதில், கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதன்பின் ஹாவார்ட் பல்கலைக்கழகமே அவருடைய களமாயிற்று.

போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தம் வயதொத்த வில்லியம் டோறிங் என்பவருடன் அவர் கொயினா வேலையில் இறங்கினார். எளிய பொருளொன்றில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் குயினொடொக்சின் என்னும் பொருளை அவர்கள் எட்டினர். அது கொயினாவுக்கு நெருங்கிய உறவினது. அப்பாலுள்ள வழியைச் செர்மானிய அறிஞர்களான பவுல் றாபெயும் காள் கின்ட்லரும் 1918ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டதாக ஒரு சுருக்கமான கட்டுரையில் அறிவித்திருந்தனர். ஆகவே, குயினொடொக்சினை ஆக்கியது கொயினாவை ஆக்கியதற்கு ஒப்பாகும் என இருவரும் கொண்டனர். கொயினாவின் முழுத்தொகுப்பு என்னும் தலைப்போடு அவர்தம் கட்டுரை வெளிவந்தது. பத்திரிகைகள் முதற்பக்கத்தில் முழங்கின. ஆயின், றாபெயின் கடைசிப் படியை அவர்கள் தம் கையால் ஏறிப் பார்க்கவில்லை.

போருக்கும் அம்முறை உதவவில்லை. படிகள் பல, முடிவில் கிடைத்த பொருளோ மிகச் சொற்பம். எந்தத் தொழிற்சாலையும் அவ்வழியில் கொயினா செய்யவில்லை. போர்வீரரைக் காத்தவை அற்றெபிரின் முதலிய வேறு மருந்துகளே. எனினும் இரசாயன அறிஞர் ஒன்றைக் கண்டுகொண்டனர். அணுக்கள் எத்திசையில் அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே சிந்தித்து, அதற்கேற்ப ஒவ்வொரு படியையும் வகுக்கலாம் என்பதே அது.

வுட்வார்டின் பார்வை அல்கலோயிட்டுகளோடு நின்றுவிடவில்லை. மயிர், பட்டு, தசை யாவும் புரதங்களால் ஆனவை. அமினோ அமிலங்கள் மணிகள்போல் கோக்கப்பட்ட சங்கிலிகளே புரதங்கள். அவற்றிற் சிறியவை பெப்டைட்டுகள். செர்மானிய மேதை எமில் பிஷர் 1907இல் 18 மணிகள் கொண்ட சங்கிலியொன்றை அரும்பாடுபட்டுக் கோத்திருந்தார். 1947இல் வுட்வார்டும் ஷிறாம் என்பவரும் இரண்டு வகை அமினோ அமிலங்களைக் கொண்டு மிக நீண்ட சங்கிலிகளை எளிதாக ஆக்கிக் காட்டினர். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது: மணிகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தன. இயற்கையின் புரதத்திலோ ஒவ்வொரு மணிக்கும் ஓரிடம் உண்டு. 1953இல் வின்சென்ற் டு வினோ 9 அமினோ அமிலங்களை முறை தவறாது கோத்து ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனை ஆக்கியபோதுதான் ஒழுங்கின் அருமை விளங்கிற்று. வுட்வார்டும் 1961இல், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மென்மையுடன் பிணைக்க உதவும் ஒரு சோதனைப் பொருளை வகுத்தளித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதனிடையே அல்கலோயிட்டுகளிலும் அவர் அடுத்தடுத்து வெற்றி கண்டார். எட்டியின் நஞ்சான ஸ்ட்ரிக்னினை 1818இல் பிரெஞ்சு அறிஞர் பெல்லெற்றியரும் கவந்துவும் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு விளங்குவதற்கோ ஏறக்குறைய 130 ஆண்டுகள் சென்றன. ஏழு வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அம்மூலக்கூறை 1954இல் வுட்வார்ட் குழுவினர் கட்டி முடித்தனர். 1956இல் ரெசர்ப்பின் வந்தது. இது சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் பொருள். பாரதநாட்டு மருத்துவர் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நெடுங்காலம் கையாண்ட அவ்வேரிலிருந்து, 1952இல் சுவிற்சலாந்து அறிஞர் அதனைப் பிரித்திருந்தனர். இரத்தக் கொதிப்புக்கு அது மருந்தாயிற்று. அதனைக் கட்டுவதற்கு வுட்வார்ட் வகுத்த வழியை மாணவர் இன்றும் பாடமாகக் கற்கின்றனர்.

1965இல் நொபெல் பரிசு அவரை வந்தடைந்தது. கிருமிகளைக் கொல்லும் செபலோஸ்போறின் சி என்னும் பொருளை ஓர் அமினோ அமிலத்திலிருந்து கட்டிய கதையையே அவர் அப்பரிசுரையில் விரித்துரைத்தார். சூரிச் நகரத்து எஷன்மோசருடன் கூடி விற்றமின் பி-12ஐயும் ஆக்கி முடித்தபின், 1979ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் தம் 62ஆம் வயதில் மறைந்தார்.

ஆயினும் கொயினாவின் கதை அவரோடு முடியவில்லை. 2001ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பேட் ஸ்ரோர்க், கொயினாவின் அணுக்களனைத்தையும் உரிய திசையில் அமைக்கும் புதிய தொகுப்பொன்றை வெளியிட்டார். அதே வேளை, 1944ஆம் ஆண்டு வெற்றியை ஒரு கட்டுக்கதை என்றும் குறை கூறினார். றாபெயின் கடைசிப் படி உண்மைதானா? அதனை எவர் மீளச் செய்து பார்த்தார்? மாபெரும் அறிஞரின் புகழும் அக்கேள்விக்கு விதிவிலக்காகவில்லை.

2007இல் ஜெப்ரி சீமன் பழைய ஏடுகளையெல்லாம் துருவி ஆராய்ந்து, றாபெயின் கூற்று நம்பத்தக்கது என்று தீர்ப்பளித்தார். ஏட்டின் சான்று போதுமா? 2008இல் கொலறாடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் றொபேட் வில்லியம்சும் ஆரன் ஸ்மித்தும் பழைய முறைகளை மட்டுமே கையாண்டு அப்படியை ஏறிப் பார்த்தனர். முதலில் கொயினா சரிவரக் கிடைக்கவில்லை. அவர்கள் எடுத்த அலுமினியத் தூள் மிகப் புதியது. அதனைக் காற்றுப்படச் சிலகாலம் வைத்திருந்து பயன்படுத்தியபோது கொயினா உருவாயிற்று. றாபெ பொய் கூறவில்லை. வுட்வார்டின் நம்பிக்கையும் பிழைபடவில்லை.

ஆயினும், கடைசிப் படியைத் தாமே ஏறாது முழுத்தொகுப்பு என்று தலைப்பிட்டதன் குறை அதனால் மறைந்துவிடுமா? சரியான விடையை எட்டுவது ஒன்று. அது சரியென்று மெய்ப்பிப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் இங்கே 64 ஆண்டுகள். அத்தூரத்தைக் கடக்க உதவியதோ காற்றில் வைத்துப் பழகிய ஒரு பிடி அலுமினியத் தூள்.