பாலாற்றங்கரையில் ஆளில்லா லாரி

ஆம்பூரின் ஷூ கம்பெனி ஒன்றில் சரக்கை அடுக்கிச் சீல் வைத்த கண்டெய்னர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜாபேட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைத் துறைமுகம் சேர ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓட வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 48இல் அன்றாடம் நடக்கும் ஓட்டம் இது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையிலான தூரத்தை, ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாத சரக்கு லாரிகள் ஓடிக் கடந்துவிட்டதாக அரோரா நிறுவனம் 2025 மே மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. அதே மாதத்திலேயே, லாரியைத் தயாரித்த பாக்கார் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், அந்த இருக்கையில் மறுபடி ஒருவர் உட்காரவைக்கப்பட்டார். ஓட்டுவதற்கு அல்ல, கவனித்துக்கொண்டிருக்க.

இந்தத் தொழில்நுட்பம் வேலூர் வட்டாரத் தோல் தொழிலுக்கு வந்தால் லாபம் தருமா என்பது ஒரு கேள்வி. தவறு நேர்ந்தால் பணம் கட்டுவது யார் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். வேலூர் வட்டாரம் அந்தக் கணக்கை ஒருமுறை பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறது.

முதலில் லாபம். அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லாரி ஒரு மைல் ஓட ஆகும் செலவு 2.27 டாலர். அதில் ஓட்டுநரின் சம்பளமும் சலுகைகளும் மட்டும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். ஓட்டுநரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெருந்தொகை என்பதால்தான் முதலீட்டாளர்கள் அங்கே கோடிகளைக் கொட்டினார்கள். இங்கே லாரி உரிமையாளரின் நோட்டுப் புத்தகம் வேறு மாதிரி. டீசல்தான் முதல் செலவு. அடுத்து டோல், டயர், வண்டிக் கடனின் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று வரிசை நீளும். ஓட்டுநரின் சம்பளமும் படியும் அந்த வரிசையில் மேலே வருவதில்லை. லாரி கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதியே 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான் வந்தது. ஓட்டுநரின் உழைப்பு எவ்வளவு மலிவாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவ்வளவு மலிவான ஒன்றை மிச்சப்படுத்த விலை உயர்ந்த லைடார்களையும் கேமராக்களையும் கணினியையும் வண்டியில் ஏற்ற யார் முன்வருவார்?

இயந்திரத்துக்குத் தூக்கம் வேண்டாம் என்பது அடுத்த வாதம். அமெரிக்க ஓட்டுநர் நீண்ட ஓய்வு எடுக்காமல் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில், ஓய்வே எடுக்காத இயந்திரம் ஒரு நாளையே மிச்சப்படுத்தும். ஆம்பூர்ச் சரக்கோ ஒரே இரவில் சென்னையைத் தொட்டுவிடும். தாமதம் சாலையில் இல்லை. நகருக்குள் கனரக வண்டி நுழையக் கூடாத நேரங்களிலும், துறைமுக வாசலுக்கு வெளியே நிற்கும் டிரெய்லர் வரிசையிலும் இருக்கிறது. ஏற்றுமதியாளருக்குக் கைமேல் பலன் தரக்கூடியது, 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் நின்றுபோய், 2022 மே 26இல் மறுபடி அடிக்கல் கண்ட மதுரவாயல் – துறைமுகம் மேம்பாலச் சாலை. சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் எந்தச் செயற்கை நுண்ணறிவையும்விட வேகமாக ஷூ பெட்டிகளைக் கப்பலில் சேர்க்கும்.

போதாக்குறைக்கு, ஓட்டுநர் வெறும் ஸ்டியரிங் பிடிப்பவர் அல்ல. சீல் உடையாமல் காப்பது, இரவில் பஞ்சர் பார்ப்பது, சோதனையில் காகிதத்தை நீட்டுவது, கம்பெனிக்குப் போன் செய்து நிலவரம் சொல்வது எல்லாம் அவர் வேலைதான். இந்த வேலைகளுக்கு வேறொருவரை அமர்த்தினால் மிச்சம் எங்கே?

சாலையின் இயல்பும் கணக்கில் சேர வேண்டும். 2022இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் பதிவாயின: 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். ஆம்பூரை அடுத்த மாதனூர்ப் பக்கம் எதிர்த்திசையில் வரும் பைக், இரண்டு சாலைகளுக்கு நடுவில் உள்ள திட்டில் நின்று கடக்கப் பார்க்கும் கிழவி, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை நோக்கிக் கூட்டமாக வரும் பெண்கள் – டெக்சாஸ் நெடுஞ்சாலையில் பழகிய கணினிக்கு இவை விதிவிலக்குகள், இங்கே இவைதான் போக்குவரத்து. வண்டிகள் நுழையும் இடங்கள் கட்டுப்படுத்தப்பட்ட, சுமார் 262 கிலோமீட்டர் நீளும் பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை அதற்குச் சற்று ஒத்துவரும். ஆனால் அது கோலார் தங்கவயல், சித்தூர் வழியே வந்து ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தொடுகிறது. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொடுவதில்லை. ஆளில்லா லாரி ஒருநாள் வந்தாலும், அந்த மாவட்டத்தின் பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் அமையும் தைவானின் ஹாங் ஃபூ காலணித் தொழிற்சாலைக்குத்தான் முதலில் வாய்ப்பு. பழைய தோல் ஷாப்புகளுக்கு அல்ல.

வேலி போட்ட இடங்களில் இந்தத் தொழில்நுட்பம் ஏற்கெனவே ஜெயித்திருக்கிறது. சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் கண்டெய்னரைச் சுமக்கும் வண்டிகள் ஆளில்லாமல் ஓடுகின்றன. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்ட ரயில்களும் அந்த வகைதான். பொதுச்சாலையில் இறங்கியவர்களின் கதை வேறு. வேமோ வாடகைக் கார்களில் முன்னேறினாலும் 2023இல் லாரிப் பிரிவைச் சுருட்டிக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்த குரூஸ் வாடகைக் கார்த் திட்டத்தை 2024 டிசம்பரில் கைவிட்டது. அதன் சரிவு 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்ணைக் குரூஸ் கார் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அதைவிட, இழுத்துச் சென்றதை அதிகாரிகளிடம் நிறுவனம் முழுமையாகச் சொல்லாததே உரிமத்தை உலுக்கியது.

வேலூரின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. பதனிட்ட தோலின் விலையில், தோல் கழிவு கெடுத்த பாலாற்றுத் தண்ணீரின் விலை பல பத்தாண்டுகள் சேரவே இல்லை. முதலாளியின் பேரேட்டில் லாபம் உண்மையானது. கிணறு உப்பான விவசாயியின் நட்டம் அந்தப் பேரேட்டில் ஏறவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும், முன்னெச்சரிக்கை சட்டத்தின் பகுதி என்று சொன்னது. அதைவிட முக்கியமாக, தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் தலையில் வைத்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30இல், அதே வேலூரின் தோல் மாசுக்காக, அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றி மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

தோல் கழிவு அன்றாடம் நடந்த தீங்கு, விபத்து எப்போதாவது நேர்வது என்று ஒருவர் மறுக்கலாம். மனித ஓட்டுநர்களின் கையில் நாடெங்கும் 2022இல் மட்டும் 1,68,491 உயிர்கள் போயின என்பதும் வலுவான பதில். ஆனால் இயந்திரம் மனிதரைவிடப் பத்திரமானது என்று அதே சாலையில் காட்டியாக வேண்டும். வேமோ கார்கள் ஓடும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்துப் புள்ளிவிவரம் மாதனூருக்குச் சாட்சி சொல்லாது.

சட்டம் பாதி வழியில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 2பி பிரிவு, புதுமை ஆராய்ச்சிக்காக வண்டிகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 164ஆம் பிரிவு, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் பெற வழி செய்கிறது. அதைக் கட்டுவது வண்டி உரிமையாளரோ இன்சூரன்ஸ் கம்பெனியோ. மென்பொருள் எழுதியவர் அந்தப் பிரிவில் இல்லை. இரண்டு லாரி வைத்திருக்கும் வாணியம்பாடிக்காரர், எங்கோ எழுதிய நிரலின் பிழைக்கு இங்கே பொறுப்பேற்க வேண்டிவரும். பிரிட்டனின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்று, வண்டி தானே ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. 2பி விலக்குக்கு 1996 தீர்ப்பின் மெய்ப்பிப்புப் பொறுப்பையும் நிபந்தனையாக்கினால் இங்கும் அது சாத்தியம்.

சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, 2017இலும் 2023இலும், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் ஓட்டுநரில்லாக் கார்களை விடமாட்டேன் என்றார். நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று சொல்பவரும் அவரேதான். இந்த முரணைப் பார்த்தால், தடை என்பது கொள்கை முடிவைத் தள்ளிப்போடும் வசதியாகவே தெரிகிறது.

இதற்கிடையே வேறொரு வாசல் வழியாக இயந்திரம் உள்ளே வருகிறது. தானே பிரேக் பிடிக்கும் கருவி, ஓட்டுநர் கண்ணயர்ந்தால் எச்சரிக்கும் கருவி, தடம் விலகினால் சத்தமிடும் கருவி ஆகியவற்றைக் கனரக லாரிகளுக்கும் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் பஸ்களுக்கும் கட்டாயமாக்கும் வரைவை மத்திய அரசு 2025இல் வெளியிட்டது. விடியற்காலையில் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கு வரும் புதிய கம்பெனி பஸ்களும் அந்த வகையில் சேரும். நெடுஞ்சாலையில் மாடு குறுக்கிட்டதாக எண்ணிக் கருவி தானே பிரேக் பிடித்து, பின்னால் வரும் லாரி பஸ்ஸில் மோதினால், வழக்கு இன்றைக்கு இரு ஓட்டுநர்களில் ஒருவரின் பெயரில்தான் பதிவாகும்.