வயதுவந்தோரில் மதியிறுக்கம்

வயதுவந்தோரில் மதியிறுக்கம் என்பது மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடைய ஒருவரின் 18 அகவைக்குப் பிந்தைய வாழ்நிலையைக் குறிக்கும். மதியிறுக்கம் மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே அமையும் வேறுபாடு ஆகும். அது வாழ்நாள் முழுவதும் தொடர்வது. ஆயினும் குழந்தைப் பருவத்தில் கண்டறியப்படாமல், 30, 40 அல்லது 60 அகவையில்தான் தமக்கு மதியிறுக்கம் உண்டு என்று அறிவோர் பலர் உள்ளனர். இக்கட்டுரை இவ்வாறு காலந்தாழ்த்தி அறிதலின் வரலாறு, காரணங்கள், முறைகள், விளைவுகள் ஆகியவற்றை விளக்குகிறது. இது குறித்து விரிவான ஆய்வுகள் நடைபெற்ற இங்கிலாந்தின் நிலை இதில் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பொது இயல்புகள்

வயதுவந்தோரிடம் மதியிறுக்கத்தின் இயல்புகள் பலவகையாக வெளிப்படலாம். அவற்றுள் சில:

* மறைமுகப் பேச்சு, குறிப்பு, முகபாவம் ஆகியவற்றை உடனுக்குடன் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு.
* பலர் கூடிப் பேசும்போது எப்போது பேசத் தொடங்குவது என்று அறிய இயலாமை.
* அன்றாட ஒழுங்கு மாறும்போது மிகுந்த மனக்கலக்கம்.
* ஒரு குறிப்பிட்ட துறையில் நீண்டகால, ஆழ்ந்த ஈடுபாடு.
* ஒலி, ஒளி, மணம், துணியின் உராய்வு போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல்.

இவற்றுள் ஒன்றிரண்டு எவரிடமும் காணப்படக்கூடும். இவ்வியல்புகள் சிறுவயது முதலே சேர்ந்து அமைந்து, வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கும்போதே மதியிறுக்கம் எனக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

மதியிறுக்கம் பற்றிய தொடக்ககால அறிவு சிறுவர்களை நோக்கியே உருவானது. 1920களில் சோவியத் ஒன்றியத்தின் உளமருத்துவர் குரூன்யா சுகாரெவா 6 சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1943 இல் ஐக்கிய அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். 1944 இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 4 சிறுவர்களை விவரித்தார். 1980 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவர் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பிலும் இந்நிலை குழந்தைப்பருவ மதியிறுக்கம் என்ற பெயரிலேயே இடம்பெற்றது.

அக்குழந்தைகள் பின்னர் வளர்ந்தனர். கானர் விவரித்தவர்களுள் முதலாமவரான டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, அங்குள்ள வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார். அவர் 2023 இல் தமது 89 ஆவது அகவையில் காலமானார்.

1981 இல் இங்கிலாந்தின் உளமருத்துவர் லோர்னா விங் ஆஸ்பெர்கர் கூட்டறிகுறி பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். அதில் விவரிக்கப்பட்டவர்களுள் வயதுவந்தோரும் இருந்தனர். மொழித்திறனும் அறிவுத்திறனும் குறையாதோரிடமும் மதியிறுக்கம் இருக்கலாம் என்பது இதன்பின்னரே பரவலாக அறியப்பட்டது. 1994 இல் ஆஸ்பெர்கர் கோளாறு மேற்கூறிய கையேட்டின் நான்காம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2013 இல் ஐந்தாம் பதிப்பு இப்பிரிவுகளை ஒருங்கிணைத்து மதியிறுக்க நிறமாலைக் கோளாறு என ஒரே பெயரிட்டது. எடுத்துக்காட்டாக, 1960 இல் பிறந்த ஒருவர் விங்கின் கட்டுரை வெளிவந்தபோதே 21 அகவையை எட்டியிருப்பார். அவருடைய பள்ளிக் காலத்தில் ஆசிரியர்களிடமோ மருத்துவர்களிடமோ அவரை அடையாளம் காண்பதற்கான விளக்கம் இருக்கவில்லை.

காலந்தாழ்த்தி அறிவதற்கான காரணங்கள்

வரையறைகள் குறுகியனவாக இருந்தது முதற் காரணமாகும். இரண்டாவது காரணம், பலர் தம் இயல்புகளை மறைத்து ஒழுகக் கற்றுக்கொள்வதாகும். பிறர் சிரிக்கும்போது சிரித்தல், உரையாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்த்தல், கண்ணை நோக்கிப் பேசுமாறு தம்மைத் தாமே வற்புறுத்திக்கொள்ளுதல் ஆகியவை இதில் அடங்கும். 2013 ஆம் ஆண்டுக் கையேடு, கற்றுக்கொண்ட உத்திகளால் இயல்புகள் மறைக்கப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. இம்மறைப்புக்குப் பெரும் உழைப்பு தேவைப்படுவதால் கடுஞ்சோர்வு ஏற்படுவதுண்டு.

மதியிறுக்கம் ஆண்களுக்கு உரியது என்ற எண்ணத்தால் பெண்கள் பலர் கவனிக்கப்படவில்லை. வேறு சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, ஆளுமைக் கோளாறு என்று மட்டும் கூறப்பட்டது.

கண்டறியும் முறை

மதியிறுக்கத்தைக் கண்டறியக் குருதிப் பரிசோதனையோ மூளைப் படமோ பயன்படுவதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் உளவியலாளர்களும் நேர்காணல், நேரடி நோக்கல், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றின் அடிப்படையில் முடிவு செய்கின்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 இல் வெளியிட்ட 50 வினாக்கள் கொண்ட வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. இத்தகைய வினாத்தாள்கள் மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்பதை மட்டுமே காட்டும். அவற்றின் மதிப்பெண்ணைக் கொண்டு மதியிறுக்கத்தை உறுதிசெய்ய இயலாது.

சிறுவயது இயல்புகளுக்குச் சான்று தேவைப்படுவது வயதுவந்தோருக்குச் சிக்கலாகிறது. குழந்தைகளின் பொருட்டுப் பெற்றோர் விவரம் தருவர். முதியவர் ஒருவரின் பெற்றோர் உயிருடன் இல்லாமலோ நினைவு குன்றியோ இருக்கலாம். அவ்வேளையில் உடன்பிறந்தோர் கூற்றும் பழைய பள்ளி அறிக்கைகளும் துணையாகின்றன.

அறிந்தபின் ஏற்படும் விளைவுகள்

கண்டறியப்பட்டோர் பலர் முதலில் ஆறுதல் அடைகின்றனர். சோம்பல், திமிர், அளவுமீறிய கூச்சம் எனப் பிறர் கூறியவற்றுக்கும் தாமே நம்பியவற்றுக்கும் வேறு விளக்கம் கிடைக்கிறது. அதனுடன், முன்பே தெரிந்திருந்தால் உதவி கிடைத்திருக்கும் என்ற துயரமும் சினமும் எழுவதுண்டு. நட்பு, மணவாழ்வு, பணியிழப்பு ஆகியவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகலாம்.

இவ்வறிதல் உயிர்காப்புடன் தொடர்புடையதாகவும் கருதப்படுகிறது. வயதுவந்தபின் ஆஸ்பெர்கர் கூட்டறிகுறி கண்டறியப்பட்ட 374 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், 66 விழுக்காட்டினர் தம் வாழ்வில் எப்போதேனும் தற்கொலை எண்ணம் கொண்டிருந்ததாகத் தெரிவித்தனர். மனநல உதவி நாடி வருவோரிடம் மதியிறுக்கம் உள்ளதா என்று ஆராய்வது இதனால் முதன்மை பெறுகிறது.

மதியிறுக்கம் உடையோரின் பங்களிப்பு

மதியிறுக்கம் உடைய வயதுவந்தோரே எழுதிய நூல்கள் இத்துறையின் போக்கை மாற்றின. ஐக்கிய அமெரிக்காவின் விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் 1986 இலும், ஆஸ்திரேலிய எழுத்தாளர் டொனா வில்லியம்ஸ் 1992 இலும் தன்வரலாற்று நூல்களை வெளியிட்டனர். 1993 இல் டொராண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர், மதியிறுக்கம் ஒருவரின் ஆளுமையிலிருந்து பிரிக்கக்கூடியதன்று என்று பெற்றோரிடம் வாதிட்டார். 2012 இல் மதியிறுக்கம் உடைய பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்டன் இருவழிப் பரிவுச் சிக்கல் என்ற கருத்தை முன்வைத்தார். மதியிறுக்கம் உடையோர் பிறரைப் புரிந்துகொள்ளத் தவறுவது போலவே பிறரும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றனர் என்பது இதன் சாரம்.

சட்டமும் சேவைகளும்

இங்கிலாந்தில் 2009 இல் மதியிறுக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. குறிப்பிட்ட ஒரு மாற்றுத்திறன் நிலைக்கென அந்நாட்டில் இயற்றப்பட்ட முதற் சட்டம் இதுவாகும். வயதுவந்தோருக்கான செயல்திட்டத்தை அரசு வகுக்க வேண்டும் என இச்சட்டம் விதித்தது. 2011 இல் வெளியான ஆய்வு, அங்கு வயதுவந்தோருள் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு மதியிறுக்கம் இருப்பதாக மதிப்பிட்டது. எனினும் 50 அகவைக்கு மேற்பட்ட மதியிறுக்கம் உடையோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்டறியப்படாமல் இருக்கக்கூடும் என 2023 இல் மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியாவில் 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மதியிறுக்கத்தைத் தனியே பட்டியலிடவில்லை. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை உள்ளடக்கியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் மதியிறுக்கம் இடம்பெற்றுள்ளது. கல்வி தொடர்பான உரிமைகளுடன், வயதுவந்தோருக்குரிய வேலைவாய்ப்பு உரிமைகளும் இச்சட்டத்தில் அடங்கியுள்ளன.