ஏபி-யா, பிசி-யா?

அமெரிக்கப் பள்ளிகளில் கால்குலஸ் ஏபி, கால்குலஸ் பிசி என்று இரண்டு வகுப்புகள் உண்டு. பிசி உசத்தி, ஏபி மட்டம் என்பது நியூ ஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழுதாத சட்டம். இங்கே பல வருடங்களாகக் கணக்கு வாத்தியாராக இருக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் பழைய கதையில் இருக்கிறது.

நல்ல பள்ளிகளில் படித்த பையன்கள் கல்லூரிக்குப் போய், படித்ததையே மறுபடி படிக்கிறார்கள் என்ற குறை 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் போட்டது. ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசி 1952-ல் ஓர் அறிக்கை தந்தன. 1955-ல் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு பொறுப்பேற்றது, பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படிப்பவர்களுக்கான அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட் தேர்வுகளை 1956-ல் நடத்தியது. மறு வருடமே ரஷ்யாவின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது. ரஷ்யாவிடம் தோற்றுவிட்டோம் என்ற பதற்றத்தில் 1958-ல் சட்டமே போட்டு, கணக்குக்கும் அறிவியலுக்கும் அரசு பணத்தைக் கொட்டியது.

அப்போது கணிதத்துக்கு ஒரே தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் முழு வருடமும் கால்குலஸ் நடத்த வேண்டுமானால், அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய பள்ளிக்கு ஒரு வருடம் இடித்தது. 1969-ல் அந்தத் தேர்வை ஏபி, பிசி என்று இரண்டாகப் பிரித்தார்கள். 'ஏ' என்பது கால்குலஸுக்கு முந்தைய பாடம்: சார்புகள், முக்கோணவியல், மடக்கை. 'பி' என்பது வகையிடல், தொகையிடல். 'சி' என்பது முடிவிலாத் தொடர் போன்ற மேல்பாடம். அடித்தளத்தையும் சேர்த்துப் போடுகிறவன் அன்று ஏபி எடுத்தான். அதை முன்பே முடித்தவன் பிசி எடுத்தான். பொதுவான பகுதியை இரண்டு வகுப்பிலும் ஒரே ஆழத்தில் நடத்த வேண்டும் என்று காலேஜ் போர்டின் பாடத்திட்டமே சொன்னது.

அந்த 'மட்டமான' ஏபி தேர்வைத்தான் 1982-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு பள்ளியில் ஹைமே எஸ்கலாந்தேயின் மாணவர்கள் 18 பேர் எழுதித் தேறினார்கள். பொலிவியாவிலிருந்து வந்த வாத்தியார். பிள்ளைகளோ ஏழை மெக்சிக வம்சாவளியினர். 14 பேர் காப்பியடித்தார்களோ என்று தேர்வு நிறுவனத்துக்குச் சந்தேகம். 12 பேர் மறுபடி எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். 1988-ல் அது சினிமாவாகவும் வந்தது. எஸ்கலாந்தே தன் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவிலிருந்தே அடித்தளம் போட்டவர். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அந்தப் பகுதிதான்; சினிமா அதை ஓட்டமாக ஓட்டிவிட்டது.

ஏபி மட்டமில்லை என்பதற்குப் பிசி தேர்வே சாட்சி. 1998 முதல் பிசி எழுதுகிறவர்களுக்கு ஏபி பகுதிக்கென்று தனி மதிப்பெண்ணும் தருகிறார்கள். பிசி தாளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஏபி பாடம்தான்.

ஆகவே பெற்றோரே, படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தான் என்று விசாரிக்காதீர்கள். உங்கள் பிள்ளையிடம் முக்கோணவியலில் நாலு கணக்கு கொடுத்துப் பாருங்கள். தடுமாறினால் ஏபி-யில் போடுங்கள். அந்த வகுப்பை உண்டாக்கியதே அதற்காகத்தான்.