காட்மியமும் மீத்தேனும்: ஒரே வயலில் இரண்டு கணக்கு

"வலிக்குதே... வலிக்குதே!" என்று அலறுவதை ஜப்பானியர்கள் 'இதாய் இதாய்' என்பார்கள். ஒரு நோய்க்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனக் கிராமங்களில் பரவிய நோய் அது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்கள். இருமினாலே எலும்பு முறியும்!

ஆற்றின் மேல்பக்கம் மிட்சுயி நிறுவனத்தின் கமியோக்கா சுரங்கம். துத்தநாகம் எடுத்த கழிவில் காட்மியம் இருந்தது. அது ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய், அரிசியில் ஏறியது. உள்ளூர் டாக்டர் ஹாகினோ நொபோரு 1961-லேயே காட்மியம்தான் காரணம் என்றார். அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். 1972-ல் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது. கெட்ட மண்ணைக் கீழே புதைத்து, மேலே நல்ல மண் பரப்பும் வேலை 2012 வரை இழுத்தது. 800 ஹெக்டேருக்கு மேல்!

நோயின் கதை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது தண்ணீரின் கதை.

ஜப்பானில் சுரங்கம் இருந்த வேறு பல இடங்களிலும் வயலில் கொஞ்சம் காட்மியம் உண்டு. எல்லா இடத்திலும் மண்ணை மாற்ற முடியுமா? அதனால் விவசாயிகளுக்கு ஒரு சுலப வழி சொல்லப்பட்டது: கதிர் வருவதற்கு 3 வாரம் முன்பும் 3 வாரம் பின்பும் வயலில் தண்ணீர் நிற்கட்டும். காற்றுப் புகாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும், வேர் அதை உறிஞ்சாது.

சிக்கல் இங்கேதான். அதே காற்றில்லாச் சேற்றில்தான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கு சூடேற்றும். அதைக் குறைக்க வயலைக் காயவிட வேண்டும். நம்மூர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' மாதிரி ஜப்பானில் பயிரின் நடுவில் காயவிடும் 'நகபோஷி' பழக்கம் உண்டு. ஆனால் காய்ந்தால் காட்மியம் விழித்துக்கொள்ளும். கணக்குப் பாஷையில் சொன்னால், ஒரு பேரேட்டில் வரவு, இன்னொன்றில் பற்று.

போதாததற்கு ஆர்சனிக் வேறு. அது நேர் எதிர்; தண்ணீர் நின்றால்தான் அரிசியில் ஏறும். காட்மியத்துக்குப் பயந்து தண்ணீர் கட்டினால் ஆர்சனிக்கும் மீத்தேனும் சேர்ந்தே கூடும்.

2023-ல் ஜப்பான் அரசின் கார்பன் கிரெடிட் திட்டத்தில், நகபோஷியை வழக்கத்தைவிட 7 நாள் நீட்டினால் கிரெடிட் என்று வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் காட்மியம் உள்ள வயலில் அந்த 7 நாள் சும்மா கிடைப்பதல்ல. கதிர்ப் பருவத்தை நெருங்க நெருங்க ஆபத்து. இந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

முடிச்சு அவிழ்ந்தது விதையில். அயனிக் கற்றை பாய்ச்சி, காட்மியத்தை உள்ளே இழுக்கும் மரபணு செயல்படாத ஒரு நெல்லை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2012-ல் அறிவித்தார்கள். வயலைக் காயவிட்டாலும் அரிசியில் காட்மியம் மிகக் குறைவு. சுரங்கங்கள் நிறைந்திருந்த அகிதா மாகாணம், அதன் வழியில் வந்த 'அகிதாகொமாச்சி ஆர்' ரகத்துக்கு 2025-ல் மாறத் தொடங்கியது. கதிர்வீச்சுப் பட்ட விதையின் வாரிசு என்று சொல்லி, வாங்க மாட்டோம் என்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.