பிளஸும் மைனஸும் வந்த கதை

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேரன் சென்ற விடுமுறையில் ஒரு சந்தேகம் கேட்டான். “தாத்தா, மின்சாரம் பிளஸிலிருந்து மைனஸுக்குப் போகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. எலக்ட்ரான்களோ மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகின்றனவாம். எது சரி?” “புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுது, மார்க் வரும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் உறுத்தியது. விடை தேடியபோது சுவையான சரித்திரம் ஒன்று கிடைத்தது.

1733-ல் பாரிஸில் துஃபே என்ற அறிஞர், தேய்த்த கண்ணாடியில் தோன்றும் மின்சாரம் ஒரு வகை, பிசின் போன்ற பொருள்களில் தோன்றுவது மற்றொரு வகை என்று கண்டார். ஒரே வகையானவை ஒன்றையொன்று விலக்கும். வெவ்வேறு வகையானவை ஈர்க்கும். ‘கண்ணாடி மின்சாரம்’, ‘பிசின் மின்சாரம்’ என்றே அவர் பெயரிட்டார்.

பிளஸ், மைனஸ் என்றவர் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1747-ல் லண்டன் நண்பர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சோதனையை விவரித்தார். இருவர் மெழுகின் மேல் நிற்கிறார்கள். ஒருவர் கண்ணாடிக் குழாயைத் தேய்க்கிறார். மற்றவர் அதிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறார். தரையில் நிற்கும் மூன்றாமவர் இருவரில் யாரை நெருங்கினாலும் பொறி பறக்கும். ஆனால் மெழுகின் மேல் நிற்பவர்கள் ஒருவரையொருவர் தொட்டுவிட்டால், பிறகு இருவரிடமும் மின்சாரம் இராது! ஆகவே மின்சாரம் புதிதாக உண்டாவதில்லை, கைமாறுகிறது என்றார் ஃபிராங்க்ளின். வரவானால் பிளஸ், பற்றானால் மைனஸ். தேய்த்த கண்ணாடிக்கு வரவு என்பது அவருடைய ஊகம்.

150 ஆண்டுகள் கழித்து, 1897-ல், கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். ஃபிராங்க்ளின் கணக்கில் அது மைனஸ். உலோகக் கம்பியில் ஓடுவது அதுதான். தேய்த்த கண்ணாடி உண்மையில் எலக்ட்ரான்களை இழக்கிறது. ஊகம் தலைகீழாகிவிட்டது.

பின் ஏன் மாற்றவில்லை? குறி என்பது நாம் வைத்த பெயர்தான். எல்லா இடத்திலும் ஒருசேர மாற்றினாலும் இயற்கையின் விதி மாறாது. தவிர, உப்புக் கரைசலில் இரு வகை அயனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. அங்கே எந்தத் திசையைச் சரி என்பது?

1931-ல் டிராக் ஏட்டளவில் சொன்ன ஒன்றை, 1932-ல் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த கார்ல் ஆண்டர்சன் படமெடுத்தார். எலக்ட்ரானை ஒத்த நிறை. ஆனால் காந்தப் புலத்தில் எதிர்ப்பக்கம் வளையும் துகள். அதுவே பாசிட்ரான். காமா கதிரிலிருந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடியாகவே பிறக்கின்றன. இரண்டின் மின்னூட்டத்தையும் கூட்டினால் பூஜ்யம். ஃபிராங்க்ளினின் ஊகம் பிசகினாலும், அவர் கண்ட வரவு செலவுக் கணக்கு இன்றுவரை பிசகவில்லை.

பேரனைத் தொலைபேசியில் அழைத்து, “இரண்டும் சரிதான், ஒன்று மனிதர் வைத்த வழக்கம், மற்றது துகளின் ஓட்டம்” என்றேன். “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, தாத்தா!” என்றான். அன்றைக்குத் தாத்தாவுக்கே தெரியாது என்பதையும் சொன்னேன்.